முன்வரிசை வீடுகளும் ஒரு பஸ் தடமும்

எங்கள் அலுவலகத்தில் இப்போது யாரும் வெயிலில் நின்று வண்டிகளை எண்ணுவதில்லை. யாருடைய கைபேசி எந்த சிக்னல் கோபுரத்திலிருந்து எந்தக் கோபுரத்துக்கு நகர்ந்தது என்ற விவரத்தை விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். மும்பை முழுவதும் காலையில் எங்கே கிளம்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதெல்லாம் ஒரு திரையில் நிறம் நிறமாக ஓடுகிறது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு வேலையாக அங்கே போனேன். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அதை எனக்கு ஆசையாகக் காட்டினாள். பிறகு, "மேடம், நீங்கள்லாம் வீடு வீடா போய் கேட்டீங்களாமே? ஜனங்க உண்மைய சொல்லுவாங்கன்னு எப்படி நம்பினீங்க?" என்றாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் செம்பூரில் பிறந்தவள். அப்பா ஒரு தொழிற்சாலையில் டர்னர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, பள்ளியில் மராத்தி. சிவில் என்ஜினீயரிங் படித்து, பிறகு போக்குவரத்துத் திட்டம் படித்து, அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கைகாட்டி மரத்தைப் போலச் சாலைச் சந்திப்புகளில் நின்றதுதான் என் பயிற்சி. லாரி, டாக்ஸி, பஸ், கைவண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடவேண்டும். மழைக்காலத்தில் குடைக்குள்ளிருந்து போட்ட கோடுகள் ஊறிப்போகும். அதைச் சொன்னால் மறுநாள் மறுபடி நிற்கச் சொல்வார்கள்.

எங்கள் அலுவலகம் சாலை போடாது, பஸ் விடாது. பெருநகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள நகராட்சிகளுக்கும் சேர்த்து, எந்தத் தடத்தை ஆராயவேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும், அந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்கவைப்பதும்தான் எங்கள் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தோன்றும். ஆனால் ஆராயப்படாத தடத்துக்கு டில்லியிலிருந்து பணம் வராது. இன்றைக்கு ஆய்வு எங்கே நடக்கிறதோ அங்கேதான் சில வருடங்கள் கழித்துக் கான்கிரீட் விழும். அதனால் வருடா வருடம் நடக்கும் ஒதுக்கீட்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் போடும் சத்தம் வராந்தாவரை கேட்கும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர் என் மேலதிகாரி வைத்தியநாதன் சார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து அங்கேயே குடியிருந்தவர். அவருக்கு இடது காது கேட்காது. யாராவது குரலை உயர்த்தினால் மெல்லத் தலையைத் திருப்பி அந்தக் காதை அவர்கள் பக்கம் காட்டுவார். தெரிந்து செய்தாரா, தானாக நடந்ததா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அலுவலகத்துக்குள் ஆங்கிலம் தவிர வேறு பேசமாட்டார். வெளியே வேலைக்குப் போனால் மட்டும் என்னிடம் தமிழ் வரும்.

அறிக்கைகளை அவர் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நின்று, பென்சிலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே போவார். 'பொதுமக்கள் விரும்புகிறார்கள்' என்று எழுதியிருந்தால் பென்சில் நின்றுவிடும். "எந்தப் பொதுமக்கள்? எங்கே நின்று கேட்டாய்?" என்பார். பதில் சொல்லமுடியாவிட்டால் அந்த வரி போய்விடும். 'மிகவும்', 'பெருமளவில்' எல்லாம் அவர் கையில் பிழைத்ததில்லை. கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுப் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டால் அதுதான் பாராட்டு. எந்தத் தடத்தைப் பற்றிய அறிக்கையானாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தடத்தில் ஜனங்கள் போகிற நேரத்தில் பஸ்ஸில் போய்வருவார். ஆபீஸ் கார் கூடாது. "போறது பாதிதான் கோமதி. அவா திரும்பி வர்ற நேரத்துல திரும்பியும் வரணும். அப்பத்தான் தெரியும்" என்பார்.

நான் சொல்லவந்தது ஆண்டாப் ஹில் தடத்தைப் பற்றி.

ஆண்டாப் ஹில்லிலிருந்து சயான் வழியாகச் செம்பூர்வரை, சாலையின் நடுவில் பஸ்ஸுக்கு மட்டும் தனித்தடம் போடலாமா என்பது ஆய்வு. அந்த வருடம் ஒதுக்கீட்டில் ஓர் இடம்தான் மீதி இருந்தது. இன்னொரு பக்கம், ஒரு பெரிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் ஆய்வு வரிசையில் நின்றது. அதற்கு ஆள்பலம் அதிகம். ஒதுக்கீட்டுக் கூட்டத்தில் சார் எழுந்து, "அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு ஏற்கெனவே கார் இருக்கிறது. இந்தத் தடத்தில் இருப்பவர்களுக்குக் கால்தான் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எப்படியோ எங்கள் பக்கம் விழுந்தது.

முதல் நாள் நான் குழுவோடு ஆண்டாப் ஹில் சாலையோரக் குடியிருப்புக்குப் போனபோது ஒரு கதவும் திறக்கவில்லை. சாலையைப் பார்த்தபடி ஒரு நீள வரிசையில் வீடுகள். கீழே ஓர் அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே ஓர் அறை. அதற்குப் பின்னால் சந்து சந்தாக வீடுகள், சின்னப் பட்டறைகள். பெரும்பாலும் நம் தென்மாவட்டத்து ஜனங்கள். முன்பு வேறு யாரோ வந்து வீடுகளை எண்ணிக்கொண்டு போனார்களாம். அதன்பின் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய வீடுகளை இடித்துவிட்டார்களாம். காகிதமும் பேனாவுமாக யார் வந்தாலும் அவர்களுக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

முன்வரிசையில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். பேர் பேச்சியம்மாள். சயான் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒப்பந்தக்காரரிடம் துப்புரவு வேலை பார்த்தாள். நான் தமிழில் பேச ஆரம்பித்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"எண்ணிட்டுப் போனா இடிக்க வாராங்க. நீங்க எண்ணிட்டு என்ன செய்வீங்க?"

"பஸ் விடலாமான்னு பார்ப்போம்."

"விடுவீங்களா?"

"அது என் கையில இல்ல. ஆனா வந்தாலும் வராட்டாலும் என்ன ஆச்சுன்னு நானே வந்து உங்ககிட்ட சொல்லுவேன்."

அவள் துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய நாத்தனார் மாரியும் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். காலை ஷிப்டுக்குப் போக அந்நேரத்தில் பஸ் கிடையாது. நடைபாதையும் கிடையாது. இரண்டு பேரும் சாலையோரமாக இருட்டில் நடந்துபோவார்கள். ஒரு விடியற்காலையில் டேங்கர் ஒன்று மாரியை அடித்துவிட்டுப் போய்விட்டது. இவள் இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"சத்தம் கேட்டுத் திரும்புதேன், அவ இல்ல" என்றாள் பேச்சியம்மாள். பிறகு அவளே எங்களைக் கதவு கதவாகக் கூட்டிக்கொண்டு போனாள். "நம்மூர்க்காரம்மாதான். பஸ்ஸுக்காவ கேக்காங்க. உள்ளதச் சொல்லுங்க."

கேட்கும் முறை ஒன்று உண்டு. 'வழக்கமாக எங்கே போவீர்கள்' என்று கேட்கக்கூடாது. வழக்கம் என்றால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நேற்று என்ன நடந்தது என்றுதான் கேட்கவேண்டும். நேற்று இந்த வீட்டில் முதலில் கிளம்பியது யார்? எங்கே போனார்? எதில் போனார்? அங்கிருந்து அடுத்து எங்கே? ஆண்கள் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். பெண்கள், "நான் எங்கயும் போவலியே" என்பார்கள். உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால், தண்ணீர் பிடிக்கப் போயிருப்பார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருப்பார்கள், அப்படியே மாட்டுங்காவரை நடந்து நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, ரேஷன் கடைக்கும் போய்விட்டு வந்திருப்பார்கள். நடையில் போனதால் அதெல்லாம் போக்குவரத்து என்று அவர்களுக்கே தோன்றவில்லை. எங்கள் துறையிலும் அப்போது நடையை யாரும் எழுதமாட்டார்கள். சார் எழுதச் சொல்லியிருந்தார். பஸ் இருந்தால் ஏறுவீர்களா என்று தனியாகக் கேட்டு அதையும் எழுதினோம். அந்தக் குடியிருப்பில் ஒரு வீடுகூட விடவில்லை. என் வேலைக் காலத்தில் அப்படி முழுமையாகப் பதில் கிடைத்த இடம் வேறு இல்லை.

கணக்குப் பார்த்தபோது எண் போதவில்லை.

தனித்தடத்துக்குப் பணம் தருவதற்கு டில்லி ஒரு வரம்பு வைத்திருந்தது. கூட்டமான நேரத்தில் ஒரு திசையில் இத்தனை பேராவது போகவேண்டும். நடந்துபோகிறவர்களில் பஸ்ஸுக்கு மாறுவோம் என்றவர்களையும் சேர்த்துத்தான் பார்த்தோம். வரம்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. எங்களுக்குக் கணக்குச் செய்து கொடுத்த தனியார் நிறுவனத்தில் நிகில் என்று ஒரு நிபுணர் இருந்தார். கெட்டிக்காரர். அவரும் எங்களோடு அந்தச் சந்துகளில் அலைந்தவர். அவர் என் மேஜைக்கு வந்து தணிந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: "வருங்கால வளர்ச்சி விகிதம் நாம் யூகிப்பதுதானே. அதைக் கொஞ்சம் தூக்கினால் வரம்பைத் தாண்டிவிடும். எல்லா ஊரிலும் இப்படித்தான் அனுப்புகிறார்கள். நாம் மட்டும் ஒழுங்காக அனுப்பினால் நம் ஜனங்களுக்குத்தான் நஷ்டம்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மாரியை நினைத்துக்கொண்டேன். சாரின் அறைக்குப் போய் நிகில் சொன்னதை அப்படியே சொல்லி, "செய்யலாம் சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மேஜையில் வரைபடத்தை விரித்தார். சாலையின் இரண்டு ஓரத்திலும் சாய்வுக் கோடுகள் போட்ட ஒரு பட்டை இருந்தது. தனித்தடம் வந்தால் கூடுதலாக எடுக்கவேண்டிய அகலம் அது. ஆண்டாப் ஹில்லில் அந்தப் பட்டை முன்வரிசை வீடுகளின் மேல் விழுந்திருந்தது. பட்டை அங்கே இருந்தது எனக்கும் தெரியும். ஆனால் அதில் பேச்சியம்மாளின் கொடியும் ஏணியும் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த அறைக்குள் முதல்முறையாக அவர் தமிழில் பேசினார்.

"நெஜமான நம்பர் அந்த வீடுகளைக் கேட்டா, நான் போய் அவா முன்னாடி நின்னு கேப்பேன். இத்தனை பேருக்கு வேணும், உங்க வீடு வேணும்னு சொல்ல எனக்கு வாய் இருக்கும். நாம பண்ணின நம்பர் கேட்டா யாரும்மா போய் நிப்பா? நீ நிப்பியா?"

வரைவு அறிக்கையில் உண்மையான எண்ணையே எழுதினேன்.

சொன்ன வாக்குப்படி ஆண்டாப் ஹில்லுக்குப் போனேன். பேச்சியம்மாள் ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்திருந்தாள். தனித்தடம் வராது என்றேன். எண் எவ்வளவு குறைந்தது, அதைக் கூட்டிப்போட யோசித்து ஏன் விட்டோம், வந்திருந்தால் எந்தெந்த வீடுகள் போயிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் நன்றி சொல்லுவாள் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன் போலும். ஏனென்றால் அடுத்து அவள் கேட்டது என்னை அப்படித் தாக்கியது.

"எங்க வீடு போவக்கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. சரி. அத எங்ககிட்ட கேட்டீங்களா?"

"நம்பர் குறைஞ்சதாலதான்..."

"நம்பரு குறைஞ்சது சரி மேடம். அதுக்கு மேல பேசுனது எல்லாம் எங்க வீட்டப் பத்தித்தான? வீடு வீடா வந்து நேத்து எங்க போனன்னு கேட்டீங்க. நாளைக்கு என்ன வேணும்னு கேக்கல."

மறுநாள் சாரிடம் சொன்னேன். "சரி. கேப்போம்" என்றார். அந்த நிலையில் ஜனங்களைக் கூட்டிப் பேசுவது எங்கள் நடைமுறையில் இல்லை. அதற்கு யாரிடமும் அனுமதியும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்சந்தில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்த காதர் பாய் தன் கூடத்தை ஒழித்துக் கொடுத்தார். ஆட்கள் உள்ளே இடமில்லாமல் சந்துவரை நின்றார்கள். சார் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, எண் குறைந்ததையும் அதைக் கூட்டிப்போடாமல் விட்டதையும் அங்கே நின்ற குழந்தைக்கும் புரிகிற மாதிரி சொன்னார். முடித்ததும் காதர் பாய்தான் முதலில் எழுந்தார்.

"சார், நான் பின்னால இருக்கேன், என் பட்டறைக்கு ஒண்ணும் ஆவாது. அதனால கூச்சமாத்தான் இருக்கு. ஆனாலும் கேக்கேன். கொஞ்சந்தான குறையுது? கூட்டிப் போட்டு அனுப்பியிருந்தா பஸ்ஸு வந்திருக்கும்லா?"

"வந்திருக்கும்" என்றார் சார்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி அழுதாள். "அப்ப எங்க வீட்ட எடுத்து நீங்க பஸ்ஸுல போவீங்களோ பாய்?" என்று ஒருவன் கத்தினான். பின்வரிசையிலிருந்து இன்னொருவன் பதிலுக்குக் கத்தினான். பத்திருபது வருடமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கத்தினார்கள். நாங்கள் வந்தே இருக்கக்கூடாதோ என்று எனக்குத் தோன்றியது. சாரைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் கேட்கும் காதை அவர்கள் பக்கம் வைத்திருந்தார்.

பேச்சியம்மாள் எழுந்ததும் சத்தம் கொஞ்சம் அடங்கியது. மாரி செத்த வீடு என்ற மரியாதை அவளுக்கு இருந்தது.

"என் வீட்ட எடுத்துக்கிடுங்கன்னு நான் சொல்லிருவேன். பக்கத்து வீட்ட எடுன்னு சொல்ல நான் யாரு? அந்தப் பேச்ச விடுங்க. எங்களுக்கு ரோட்டு நடுவுல ராஜபாட்டையா வேணும்? மொத ஷிப்டுக்கு ஒரு பஸ்ஸு வேணும். அது வாரவரைக்கும் நடந்து போவ ஒரு ஓரம் வேணும். லைட்டு வேணும். அவ்வளவுதான். அதுக்கு வீடு போவணுமா சார்?"

"வேண்டாம்மா" என்றார் சார். "ஆனா அதுக்குப் பணம் கேக்க எங்ககிட்ட வழி இல்ல. பெரிசா கேட்டாத்தான் குடுப்பா. சின்னதா கேட்டா சிரிப்பா."

"சிரிச்சா சிரிக்கட்டும். கேளுங்க."

சார் பென்சிலை எடுத்து, அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டார்.

இறுதி அறிக்கை ஒதுக்கீட்டுக் கூட்டத்துக்கு வந்தது. 'தனித்தடம் தேவைப்படவில்லை. முதல் ஷிப்டுக்கு முன் புறப்படும் பஸ், தொடர்ச்சியான நடைபாதை, விளக்கு, ஆஸ்பத்திரி முன்னால் ஒரு சிக்னல்' என்று பரிந்துரை. சார் சொன்னபடியே சிரித்தார்கள். ஓர் உறுப்பினர், "இவ்வளவு பெரிய ஆய்வு நடத்திவிட்டு ஒரு நடைபாதையா கேட்கிறீர்கள்?" என்றார். "ஆமாம்" என்றார் சார். அதோடு உட்கார்ந்துவிட்டார். டில்லிப் பணத்தை வாசலிலிருந்து திருப்பி அனுப்பிய பிரிவு என்று எங்களுக்குப் பேர் வந்தது. அடுத்த ஒதுக்கீட்டில் எங்கள் ஆய்வுகளில் பாதி கழன்றுபோயின. அந்த நெடுஞ்சாலை ஆய்வு எந்தச் சத்தமும் இல்லாமல் நிறைவேறியது. சாருக்குப் பணி நீட்டிப்பு வரும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். வரவில்லை. கடைசி நாளன்று தன் மேஜையைத் தானே துடைத்துவிட்டு, மாட்டுங்காவுக்குப் பஸ் பிடித்துப் போனார்.

அந்தச் சின்னக் கோரிக்கையை நான் துறை துறையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். விளக்குகளுக்கு ஒருவர், நடைபாதைக்கு ஒருவர், பஸ்ஸுக்கு இன்னொருவர். ஒவ்வொருவரும் மற்றவர் முதலில் செய்யட்டும் என்றார்கள். நடைபாதை பாதிதூரம்தான் வந்தது. விளக்கு வந்தது. கடைசியாகப் பஸ்ஸும் வந்தது, ஒன்றே ஒன்று. முதல் நாள் விடிவதற்கு முன்பே நான் நிறுத்தத்துக்குப் போனால், சார் எனக்கு முன்பே வந்து பெண்களின் வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தார். பேச்சியம்மாள் அவரை முன்னே போகச் சொன்னாள். மாட்டேன் என்றுவிட்டார். ஆஸ்பத்திரி நிறுத்தம்வரை மூன்று பேரும் போனோம். மாரி விழுந்த இடத்தைத் தாண்டும்போது அவள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அந்த பஸ் பல வருடங்கள் ஓடியது. நான் பிரிவுத் தலைவியாகி ஓய்வும் பெற்றேன். இந்தக் கதை அங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகுதான் முன்வரிசை வீடுகள் போயின. வேறொரு அலுவலகம், வேறொரு திட்டம். மேம்பாலத்தின் இறக்கம் ஒன்று அங்கே வந்து விழுந்தது. அதற்கு யாரும் வீடு வீடாகப் போய் எதையும் கேட்கவில்லை. நோட்டீஸ் ஒட்டினார்கள், மாற்று வீட்டுச் சாவி கொடுத்தார்கள், இடித்தார்கள். எனக்கே விஷயம் தாமதமாகத்தான் தெரிந்தது.

சாரிடம் சொல்லவேண்டும் என்று மாட்டுங்காவுக்குப் போனேன். அவர் மிகவும் தளர்ந்திருந்தார். வலது காதும் போய்விட்டது. சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் காதருகே குனிந்து கத்தவேண்டியதாயிற்று. "ஆண்டாப் ஹில் முன்வரிசையை எடுத்துட்டாங்க சார்!" எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். அப்படி ஒரு செய்தியை அப்படிக் கத்திச் சொல்லவேண்டி வந்ததில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர், "அவாளை எங்க கொண்டு விட்டா?" என்றார்.

செம்பூருக்கு அப்பால், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் என்று கத்தினேன்.

"அங்கேந்து ஆஸ்பத்திரிக்கு என்ன பஸ்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதையும் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. "போய்ப் பாரு" என்றார். அவர் எனக்குச் சொன்ன கடைசி வேலை அது. அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார்.

போய்ப் பார்த்தேன். அடுக்கடுக்காக ஒரே மாதிரிக் கட்டடங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வெளிச்சம் இறங்காத இடைவெளி. லிப்ட் பழுதாகி நின்றிருந்தது. பேச்சியம்மாள் மேல்மாடியில் ஒரு வீட்டில் இருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. அவளால் முன்போல் வேலைக்குப் போகமுடியவில்லை. மருமகள் போகிறாள், அதே ஆஸ்பத்திரிக்கு, அதே முதல் ஷிப்டுக்கு. பஸ் இல்லாததால் ஷேர் ஆட்டோ, பிறகு ரயில், பிறகு நடை. சம்பளத்தில் பாதி வழியிலேயே போய்விடுகிறது.

என்னைப் பார்த்ததும் அவள் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். பழைய வீட்டைப் பற்றி நான் வாயெடுத்தேன். அவள் கையை ஆட்டிவிட்டாள்.

"அது போச்சு. அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் வந்து நின்னு ஏச்சு வாங்கிட்டுப் போனீங்க. இவனுவ வரவே இல்ல, யார ஏச? அத விடுங்க. இங்கேருந்து ஒரு பஸ்ஸு கேக்கணும். எப்படிக் கேக்கணும்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"நான் இப்ப ஆபீஸ்ல இல்ல பேச்சியம்மா. என் பேச்சு எடுபடாது."

"நானும்தான் எந்த ஆபீஸ்லயும் இல்ல. வாங்க, ரெண்டு பேருமா போவோம்."

அவளும் நானும் ஒவ்வொரு மாடியாக ஏறினோம். அவளால் ஏறமுடியாத மாடிகளுக்கு நான் மட்டும் ஏறினேன். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், பழைய பள்ளிக்கூடத்தை விடமுடியாமல் அத்தனை தூரம் போய்வரும் பிள்ளைகள் என எல்லோருடைய போக்குவரத்தையும் கேட்டு எழுதினேன். பஸ் அலுவலகத்தில் ஒரு இளம் அதிகாரி மரியாதையாகவே பேசினார். கைபேசிக் கணக்கு ஓடிய அவருடைய திரையில் அந்தக் கட்டடங்கள் இருந்த இடம் மங்கலாக இருந்தது. காலையில் அங்கிருந்து அவ்வளவு பேர் கிளம்புவதாகத் தெரியவில்லையே என்றார். பேச்சியம்மாளின் மருமகள் வேலைக்குப் போகும்போது கைபேசியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போகிறாள், அந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான் என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பரிசீலிப்பதாகச் சொன்னார்.

அது இந்தக் கோடையின் தொடக்கத்தில். இன்னும் பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் போகிறோம். முழங்கால் வலியோடு அவள் எனக்கு முன்பே வந்து, அந்த அதிகாரி உள்ளே போகும் வழியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.